ஒரு லாக் டேபிள் பாக்கி

"என் ஆறு வருஷத்தைத் திருப்பிக் கொடுங்க அங்கிள்."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அக்கா நேற்று மூன்று தடவை சொல்லியிருந்தாள். இன்று காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பாத்ரூம் வாசலில் வந்து நின்று நான்காம் தடவையும் சொன்னாள். வாய் நிறைய நுரையோடு தலையை ஆட்டினேன். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

சுவாமிநாதன் அங்கிள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். நியூ ஜெர்சியில் எங்கள் ஐசலினில் வந்து இறங்கும் தமிழர்கள் எவரானாலும் முதல் மாதத்துக்குள் அவர் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். அவர் காரின் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டர் எப்போதும் இருக்கும். ரெஸ்யூமே அடித்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அவர் கைபட்ட காகிதம் வேலை வாங்கித் தராமல் திரும்பியதில்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அக்கா அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், சர்ச்சுக்குள் நுழைகிறவள் மாதிரி.

எனக்கும் அடித்துக் கொடுத்திருந்தார். அடித்ததோடு நிற்காமல், பிரின்ஸ்டன் ஜங்ஷன் பக்கத்தில் அவர் பெண் படித்த பெண்கள் பள்ளிக்கு அனுப்பியும் விட்டார். கணக்கு டீச்சர் வேலை. அங்கிருந்து போன் வந்து, இன்று பன்னிரண்டு மணிக்கு இன்டர்வியூ. என்னைக் காரில் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார். எல்லாம் சரி. அந்தக் காகிதத்தின் நகலை நேற்று மாலைதான் அக்கா என் கையில் கொடுத்தாள். நடுவில் ஒரு வரி:

1980 – 1985: பிரைவேட் டியூஷன், மெட்ராஸ்.

நான் ஒரு நாள்கூட டியூஷன் எடுத்ததில்லை. அந்த ஆறு வருஷமும் ஜாம்பியாவில், சிபாட்டா என்ற ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் போர்டிங் ஸ்கூலில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். மூன்று மூன்று வருஷமாக இரண்டு கான்ட்ராக்ட். போன டிசம்பரில்தான் முடித்துக்கொண்டு, பெரம்பூரில் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, பிப்ரவரியில் விசிட்டர் விசாவில் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

"தவமலர்," என்றார் அங்கிள் பொறுமையாக. "நான் சொல்றதைக் கேளும்மா. பதினாறு வருஷமா இதைப் பண்ணிண்டிருக்கேன். இவாளுக்கு ஆப்பிரிக்கான்னா டார்ஜான்தான் தெரியும். அங்க டீச் பண்ணினேன்னு சொன்னா, எக்ஸ்பீரியன்ஸ்னு எடுத்துக்க மாட்டா. ஏதோ மிஷனரி, பாவம்னு நினைச்சுப்பா. உகாண்டாலேர்ந்து வந்த எத்தனை பேருக்கு நான் லண்டன்னு மாத்திக் குடுத்திருக்கேன் தெரியுமா? எல்லாரும் இன்னிக்கு நன்னா இருக்கா."

"அவங்களைக் கேட்டு மாத்தினீங்களா, கேக்காம மாத்தினீங்களா?"

"ஏய்!" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

அக்கா ஞானமணி நர்ஸ். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறாள். காலை ஏழு மணிக்கு டியூட்டி முடித்து வந்தவள், வெள்ளை யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் அங்கிளுக்காக உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். அகப்பையோடு வெளியே வந்தாள்.

"அங்கிள் உனக்கு நல்லதுதானே செஞ்சிருக்காரு? ஜூன் பன்னெண்டாம் தேதி உன் விசா முடியுது. இந்த ஸ்கூல் எடுத்தா அவங்களே விசா போடுவாங்க. எடுக்கலைன்னா பெரம்பூர்தான். அங்க போயி என்ன பண்ணுவ? இன்னொண்ணும் சொல்றேன் கேட்டுக்கோ. ஆறு வருஷம் ஆப்பிரிக்கால தனியா இருந்தவள்னா எவன்டி கட்டுவான்?"

"கட்டறவன் வரட்டும். இன்டர்வியூ நான் வைக்கிறேன்."

"ஏசப்பா, இவ வாய மூட வைங்க," என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சுமை தூக்கும் கலாசி. எம்.எஸ்ஸி. முடித்து மெட்ராசில் மூன்று காலேஜுக்குப் போனேன். மூன்று இடத்திலும் "யார் சொல்லி வந்தே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். யாரும் சொல்லி வரவில்லை, பேப்பரில் பார்த்து வந்தேன் என்றால் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான்காவதாக, எழும்பூரில் ஒரு ஓட்டல் அறையில் ஜாம்பியாக்காரர்கள் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையைக் காட்டினார். "எனக்குக் கணக்கு வராது. என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொடு, புரிகிறதா பார்க்கிறேன்," என்றார். பத்து நிமிஷம். அப்பா பேர் கேட்கவில்லை. ஜாதி கேட்கவில்லை. வேலை கொடுத்தார்கள்.

அந்த ஆறு வருஷத்தைத்தான் இந்த மனிதர் ஒரு வரியில் அழித்திருந்தார்.

"அங்கிள், நான் அங்க போறப்ப பதினோரு பொண்ணுங்கதான் கணக்குப் பரீட்சை எழுதினாங்க. மத்தவங்கள எழுதவே விடலை, ஃபெயில் ஆயிடுவாங்கன்னு. லாக் டேபிள் மொத்தம் ஒன்பது புக்கு. வரிசைக்கு ஒருத்தி எழுந்து நின்னு நம்பரைச் சத்தமா படிப்பா, மத்தவங்க எழுதிக்குவாங்க. கிராஃப் பேப்பர் கிடையாது. பழைய கொஸ்டின் பேப்பர் பின்னாடி நாங்களே கோடு போட்டுக்குவோம். சனிக்கிழமை சாயங்காலமானா கோடு போடறதுதான் எங்க வேலை. இதெல்லாம் டியூஷனா?"

"இல்லேம்மா. பெரிய காரியம். ஒத்துக்கறேன். ஆனா பேப்பர்ல போட முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது. விடேன்."

அவர் குரல் அப்போதுதான் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. அக்கா உள்ளேயிருந்து, "மலரு, டீ ஆறிடும், அங்கிளுக்குக் குடு," என்றாள். சண்டையை நிறுத்த அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து.

டீயை எடுத்துக்கொண்டு வந்தேன். கொடுக்கும்போது என் முழங்கால் இரண்டும் தானாகக் கொஞ்சம் மடங்கி நிமிர்ந்தன. சிபாட்டாவில் பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அப்படி மடங்கித்தான் கொடுக்க வேண்டும். என் பிள்ளைகள் எனக்குச் செய்து செய்து, அது என் உடம்பிலும் ஏறிவிட்டது. நான் வந்த நாளிலிருந்து அக்கா, "என்னடி, எல்லார் முன்னாடியும் டான்ஸ் ஆடற?" என்று கிண்டல் செய்துகொண்டிருக்கிறாள்.

அங்கிள் அந்தக் காகிதத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடங்கியது ஓரக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, பொத், பொத் என்று மெல்ல இரண்டு தடவை தட்டினார். பிறகு இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

நான் அப்படியே நின்றேன்.

கையைக் குழித்துத் தட்டிவிட்டு வாங்குவது அவருடைய மயிலாப்பூரில் கிடையாது. இங்கே வருமுன் அவர் வேலை பார்த்ததாகச் சொல்லும் பாம்பேயில் கிடையாது. நியூ ஜெர்சியில் நிச்சயமாகக் கிடையாது. சாப்பாடோ தண்ணீரோ எது கொடுத்தாலும் முதலில் அப்படித் தட்டி நன்றி சொல்லிவிட்டு வாங்குகிறவர்களோடு நான் ஆறு வருஷம் இருந்திருக்கிறேன்.

"எந்த ஊர்ல இருந்தீங்க அங்கிள்?"

"எப்போ?"

"கை தட்டக் கத்துக்கிட்டப்போ."

அவர் தன் கைகளைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். அக்கா உப்புமாத் தட்டோடு வந்து நின்றாள். ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"லிலாங்வே," என்றார் கடைசியில். "மலாவி. உன்னோட சிபாட்டாவிலேர்ந்து பார்டர் தாண்டினா பஸ்ல மூணு நாலு மணி நேரம். பாய்ஸ் ஸ்கூல். ஃபிசிக்ஸ். நாலு வருஷம்."

"அங்கிள்!" என்றாள் அக்கா. "நீங்க பாம்பேல இல்ல இருந்தீங்க?"

"பாம்பேன்னு டைப் அடிச்சேன்மா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எந்த ஏரியான்னு யாராவது கேட்டா சொல்லணுமேன்னு மாதுங்கால இருக்கற தெரு பேரெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சேன். இன்னும் மறக்கலை."

"ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

"அனந்தலக்ஷ்மிக்குத் தெரியும். பொண்ணுக்குத் தெரியாது. எங்கப்பா பாம்பேல எப்படிக் கஷ்டப்பட்டு டீச் பண்ணினார்னு ஸ்கூல்ல எஸ்ஸே எழுதினா. ப்ரைஸ் குடுத்தா. அதே ஸ்கூல்தான், நீ இன்னிக்குப் போகப்போறது. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கோம்."

நான் அக்கா கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். உப்புமாவில் முந்திரி அதிகம் போட்டிருந்தாள் அக்கா.

"எழுபதில இங்க வந்தேன்," என்றார். "உள்ளது உள்ளபடிதான் எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு இடத்தில கூப்பிட்டா. போனேன். எதிரே உட்கார்ந்தவன் பேப்பரைப் படிச்சுட்டு, உங்க லேபுக்குக் கூரை இருந்துதான்னு கேட்டான். அடுத்தவனைப் பார்த்து சிரிச்சான். நானும் சேர்ந்து சிரிச்சேம்மா. அதுதான் என்னால தாங்க முடியலை. என் பசங்க பாட்டில் மூடியைத் தேய்ச்சு லென்ஸ் ஸ்டாண்டு பண்ணுவா. அவாளைச் சொல்லி ஒருத்தன் சிரிக்கறான், நானும் சிரிச்சுண்டு உட்கார்ந்திருக்கேன். ஆத்துக்கு வந்து அந்த வரியை அடிச்சுட்டு பாம்பேன்னு போட்டேன். பத்தே நாள்ல வேலை." கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார். "உன்னைப் பார்த்து யாரும் அப்படி சிரிச்சுடக் கூடாதுன்னுதான். வேற ஒண்ணும் இல்லை."

என் கோபத்துக்குச் சட்டென்று உட்கார இடமில்லாமல் போயிற்று. அதற்காக அது வீட்டை விட்டுப் போய்விடவில்லை.

"சிரிக்கட்டும் அங்கிள். கணக்கு வாத்தியாரைப் பார்த்து சிரிக்காத கிளாஸ் எங்க இருக்கு? நான் கூடச் சேர்ந்து சிரிக்க மாட்டேன், அவ்வளவுதான்."

"சொல்றது ஈஸி."

"அது மட்டும் இல்ல. என் பாஸ்போர்ட்ல ஆறு வருஷமும் ஜாம்பியா ஸ்டாம்ப்தான் இருக்கு. இந்த ஸ்கூல் எனக்கு விசா போடணும்னா முதல்ல பாஸ்போர்ட்தான் கேப்பாங்க. நீங்க அனுப்பினதுல மெட்ராஸ்னு இருக்கு. யாரு பொய்யி? நான்தானே?"

அங்கிள் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "என்கிட்ட யாரும் பாஸ்போர்ட் கேக்கலையே..."

"நீங்க க்ரீன் கார்டோட வந்து இறங்கினவரு."

இத்தனை பேருக்கு ஊர் மாற்றிக் கொடுத்தவர், இதை யோசிக்கவே இல்லை. அக்காவும் யோசிக்கவில்லை. அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அய்யய்யோ," என்றாள் மெதுவாக.

"பாஸ்போர்ட்டே இல்லாட்டியும் இதைத்தான் கேட்டிருப்பேன். அதையும் தெரிஞ்சுக்கங்க," என்றேன்.

என் கைப்பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஒன்று, அட்டை கிழிந்து சணல் நூலால் தைக்கப்பட்ட லாக் டேபிள். முதல் பக்கத்தில் பள்ளியின் ஊதா முத்திரை. இன்னொன்று, திங்கட்கிழமை தபாலில் வந்த கடிதம்.

அங்கே வேலையை விட்டுக் கிளம்பும்போது ஒரு காகிதம் கொடுப்பார்கள். லைப்ரரி, லேப், ஸ்டோர், சமையல்கட்டு, ஹாஸ்டல் என்று பதினோரு இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், இவரிடம் நம் பொருள் எதுவும் இல்லை என்று. ஸ்டோர்காரர் என் வீட்டுக்கு வந்து வாளி, கொசுவலை, இரண்டு நாற்காலி எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டார். நாற்காலி ஒன்றின் காலை நான் சரி பண்ணி வைத்திருந்ததைப் பார்த்து, "இது எங்கள் நாற்காலி இல்லையே, எங்களுடையது ஆடுமே," என்றார். பத்துக் கையெழுத்து முடிந்துவிட்டது. பதினோராவது லைப்ரரி. அங்கே போய் நின்றபோதுதான் ஒரு லாக் டேபிள் குறைந்தது. அது என் பெட்டிக்குள், பெட்டி லுசாகா போகும் லாரியில். நான் அழுதுவிட்டேன். ஆறு வருஷத்தில் அங்கே நான் அழுதது அன்று மட்டும்தான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் திருமதி தெம்போ அந்தக் காகிதத்தை வாங்கி, லைப்ரரிக்கு எதிரே தானே எழுதினார்: "ஒரு லாக் டேபிள் பாக்கி. மிஸ் தவமலர் நேரில் வந்து தர வேண்டும். அவசரம் இல்லை." கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, என்னிடம் நீட்டினார். நான் இரண்டு தடவை கையைத் தட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். அப்படித்தான் என் கான்ட்ராக்ட் முடிந்தது. சரியாகச் சொன்னால், முடியாமல் முடிந்தது.

"லெட்டர்ல என்ன?" என்று கேட்டாள் அக்கா. மூன்று நாளாக அந்த வெளிநாட்டுத் தபால்தலையை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்கவில்லை.

"ரிசல்ட்," என்றேன். "முப்பத்தெட்டு பேரு எழுதினாங்க. முப்பத்தோரு பேரு பாஸு. கிரேஸ்னு ஒருத்தி டிஸ்டிங்ஷன். மாகாணத்துலயே பொண்ணுங்கள்ல அவதான் முதல். லுசாகாவுல இன்ஜினியரிங்குக்கு எழுதிப் போட்டிருக்கா."

அக்கா கடிதத்தை எடுத்துப் படித்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் நன்றாக வரும். இரண்டு பக்கம். படிக்கப் படிக்க அவள் முகத்தில் இருந்த தூக்கக் கலக்கம் போய்விட்டது.

"முப்பத்தொண்ணா?" என்றாள். "ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"ஆப்பிரிக்கான்னு பேச ஆரம்பிச்சாலே நீ டிவி வால்யூமை ஏத்துவியே."

அவள் கடிதத்தை நாலாக மடிக்காமல், வந்த மடிப்பிலேயே பத்திரமாக மடித்தாள்.

அங்கிள் லாக் டேபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரங்களில் ஆறு வருஷத்துப் பெண்களின் பென்சில் கிறுக்கல்கள். ஒரு பக்கத்தில் சோளக்களியின் காய்ந்த துணுக்கு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் தொட்டுப் பார்த்தார். "சீமா," என்றார், அந்தக் களியின் பேரை. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைச் சொல்கிறாரோ.

பிறகு நிமிர்ந்து, "இரு. டைப்ரைட்டரை எடுத்துண்டு வரேன். உள்ளது உள்ளபடி அடிச்சுத் தரேன்," என்றார்.

"வேணாம் அங்கிள்." பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்தேன். என் ரெஸ்யூமேயை நேற்றே நானே எழுதி வைத்துவிட்டேன், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய, நேரான எழுத்தில். நடுவில்: 1980 – 1985, கணக்கு ஆசிரியை, சிபாட்டா, ஜாம்பியா. கீழே திருமதி தெம்போவின் பேரும் விலாசமும், பள்ளியின் டெலிபோன் நம்பரும். லைன் கிடைத்தால் பேசட்டும்.

அங்கிள் அதைப் படித்தார். "நேத்தே முடிவு பண்ணிட்டே. அப்புறம் ஏம்மா என்கிட்ட கேட்டே?"

"எடுத்தவர்கிட்டதானே கேக்கணும்?"

காகிதங்களை அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி. கார்ல வா. விட்டுட்டு வந்துடறேன்."

"வேணாம். உங்க கூட வந்து இறங்கினா, நீங்க சொல்லி வந்த பொண்ணுன்னு ஆயிடும். நான் ட்ரெயின்ல போறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டு, நீங்க அனுப்பினது தப்புன்னு சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா பரவாயில்லை. உள்ள போனதும் முதல் வாக்கியமா நான் சொல்லிக்கறேன். அப்புறம் ஒரு போர்டும் சாக்பீசும் கேப்பேன். பத்து நிமிஷம் போதும்."

"வேலை குடுக்கலைன்னா?" என்றாள் அக்கா. அது திட்டு இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"ஜூன் பன்னெண்டு வரைக்கும் இன்னும் எட்டு வாரம் இருக்கு. கணக்கு டீச்சர் வேணும்னு பேப்பர்ல தினம் நாலு விளம்பரம் வருது. டெக்சாஸ்லகூட ஆள் தேடறாங்க. முப்பத்தெட்டு பிள்ளைங்களுக்கு ஒன்பது புக்கை வச்சுக்கிட்டு சொல்லிக் குடுத்தவ வேணும்னு எவனாவது ஒருத்தன் நினைப்பான். ஒருத்தனும் நினைக்கலைன்னா பெரம்பூர். போறதா இருந்தா ஆறு வருஷத்தோடதான் போவேன், அதை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்."

அக்கா எழுந்து போய், அவளுடைய நல்ல கோட்டை எடுத்து வந்தாள். சர்ச்சுக்கு மட்டும் போடுகிற நீலக் கோட்டு. எனக்குக் கை கொஞ்சம் நீளம். விளிம்பை உள்பக்கம் மடித்து, யூனிஃபார்மில் குத்தியிருந்த சேஃப்டி பின் ஒன்றை எடுத்துக் குத்திவிட்டாள். "திமிரா பேசாத," என்றாள். "பேசினாலும் சிரிச்சுக்கிட்டே பேசு."

அங்கிளிடம் கையை நீட்டினேன். அவர் லாக் டேபிளை மூடி, அட்டையை ஒரு தடவை தடவிவிட்டு, இரண்டு கைகளாலும் கொடுத்தார். நான் கைகளைக் குழித்து இரண்டு தடவை தட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை மாட்டிக்கொள்ளவில்லை.

வாசலுக்கு வந்து ஷூவின் கயிற்றைக் கட்டினேன். ஏப்ரல் என்று பேர், காற்று இன்னும் கடித்தது. மெட்ரோபார்க் ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷ நடை. பத்து மணி பதினாலு நிமிஷத்துக்கு ட்ரெயின்.

கதவைச் சாத்தும்போது, உள்ளே அங்கிள் அக்காவிடம் போன் எங்கே என்று கேட்பது காதில் விழுந்தது. ஸ்கூலுக்கா, அவர் பெண்ணுக்கா, தெரியவில்லை. நின்று கேட்க எனக்கு நேரம் இல்லை. படி இறங்கி நடந்தேன்.